பதினோரு பைசாவுக்கு ஒரு லிட்டர் உயிர்

1971-ஆம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதியிலிருந்து ஊருக்குக் கடிதம் போட்டவர்களுக்கு ஒரு புதுச் செலவு வந்து சேர்ந்தது. வழக்கமான தபால் தலையோடு 5 பைசாவுக்கு இன்னொரு தலையும் ஒட்ட வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட பழைய தலையின் மேலேயே "அகதிகள் நிவாரணம்" என்று அச்சடித்து அவசரமாக வெளியிட்டிருந்தார்கள். 1973 மார்ச் மாதம் வரை இந்த வரி நீடித்தது. அந்நாளில் வெளிமாநிலங்களில் வேலை பார்த்த நம்மவர்களில் இந்தத் தலையை நாக்கில் தடவி ஒட்டாதவர் இருக்க முடியாது. முணுமுணுத்தவர்களும் உண்டு. "யாரோ எங்கேயோ சண்டை போட்டால் நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தச் சண்டையில் குண்டுக்குத் தப்பி ஓடி வந்த லட்சக்கணக்கானவர்களை, எல்லையைத் தாண்டிய பிறகு வேறொரு எமன் பிடித்துக்கொண்டான். அவனோடு மல்லுக்கு நின்ற ஒரு வங்காளி டாக்டரின் கதை இது. அவர் கையில் இருந்த ஆயுதம் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு, தண்ணீர். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. இரண்டு கடிதத்துக்கு ஒட்டிய அகதித் தலைகளைவிட ஒரு பைசாதான் அதிகம்.

ஓடி வந்த ஒரு கோடி பேர்

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் நடந்த தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் கட்சி பெரும்பான்மை பெற்றது. அதன் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமானிடம் ஆட்சியை ஒப்படைக்க ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் முன்வரவில்லை. 1971 மார்ச் 25-ந் தேதி இரவு டாக்கா நகரில் ராணுவம் சுடத் தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளும் தப்பவில்லை. மறுநாளிலிருந்தே ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்தியாவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

மேற்கு வங்காளம், திரிபுரா, அசாம், மேகாலயா ஆகிய இடங்களில் அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடி பேர். இவர்களில் முக்கால் பங்கு மேற்கு வங்காளத்தில் மட்டும். 800-க்கு மேற்பட்ட முகாம்கள் அமைக்கப்பட்டன. கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரிப் பகுதியில் சாக்கடைக்காக வாங்கிப் போட்டிருந்த பெரிய குழாய்களுக்குள்ளேயே குடும்பங்கள் குடியிருந்தன. ஒரு குழாய்க்கு ஒரு குடும்பம். இரண்டு வாயிலும் சாக்குப் படுதா. ஐ.நா. அகதிகள் ஆணையம், செஞ்சிலுவைச் சங்கம், ஆக்ஸ்பாம், அன்னை தெரசாவின் சகோதரிகள் என்று பலரும் வந்து இறங்கினார்கள். ஆனாலும் அரிசியும் கூரையும் கொடுத்துத் தாங்கியதில் பெரும்பங்கு இந்திய அரசுடையது. அதற்குத்தான் 5 பைசா.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. கழிப்பிடம் இல்லாத முகாம், சேற்று நீர், நடந்து நடந்து களைத்த உடல். காலரா வருவதற்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும்? ஜூன் மாதத்தில் முகாம்களில் பிணம் விழ ஆரம்பித்தது. வெளிநாடுகளிலிருந்து விமானங்களில் தடுப்பூசி மருந்தும் சலைன் பாட்டில்களும் வந்தன. ஆனால் அப்போதிருந்த தடுப்பூசி பாதிப் பேருக்குத்தான் பலன் தரும். அதுவும் சில மாதங்களுக்கு. ஏற்கனவே படுத்துவிட்டவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பன்காவ் ஆஸ்பத்திரி

சியால்டாவிலிருந்து பராசத் வழியாக வடகிழக்கே போகும் ரயில் பாதையில், எல்லைக்கு முந்தைய ஊர் பன்காவ். ஜெசூர் சாலையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஊரைத் தாண்டினால் பெட்ராபோல், அதற்கப்பால் அந்நிய மண். ஜெசூர், குல்னா பக்கத்திலிருந்து வந்த அகதிகள் முதலில் கால் வைத்த பெரிய ஊர் இதுதான்.

இங்கே இருந்த சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு 1971 ஜூன் கடைசியில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் ஒரு சிறு குழுவோடு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. குழந்தை மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கல்கத்தாவில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் காலரா பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். இவரும் பிறந்தது கிழக்கு வங்காளத்தில்தான், கிஷோர்கஞ்ச் பகுதி. வந்து படுத்திருந்தவர்கள் பேசியது அவர் பிறந்த மண்ணின் பேச்சு.

ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டு அறைகள். கட்டில்கள் நிரம்பித் தரையும் நிரம்பிக் கிடந்தது. நோயாளிக்கு ஊசி குத்திச் சலைன் ஏற்ற வேண்டுமானால் வாந்தியிலும் பேதியிலும் முழங்கால் போட்டு உட்கார்ந்துதான் ஏற்ற வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

காலரா கொல்லும் விதத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருமி குடலுக்குள் புகுந்து ஒரு நஞ்சைக் கக்குகிறது. இதைக் கண்டுபிடித்தவரும் ஒரு கல்கத்தாக்காரர்தான். டாக்டர் சம்புநாத் தே, 1959-ல். அந்த நஞ்சு பட்டதும் குடல், உடம்பில் உள்ள நீரையும் உப்பையும் குழாயைத் திறந்துவிட்டது போல வெளியே கொட்டுகிறது. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். கண் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தெரியாமல் போகும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை. போன நீரையும் உப்பையும் உடனுக்குடன் திருப்பிக் கொடுத்துவிட்டால் சில நாளில் நோய் தானாகவே போய்விடும். ஆகவே காலராவில் சாகிறவன் தண்ணீர் இல்லாமல் சாகிறான் என்றே சொல்லலாம்.

அந்தத் தண்ணீரை நரம்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்நாள் வைத்தியச் சட்டம். ஒரு நோயாளிக்கே பல பாட்டில்கள் வேண்டும். சுத்தமான ஊசி வேண்டும், குழாய் வேண்டும், குத்தத் தெரிந்த கை வேண்டும். பன்காவில் மகாலனாபிஸின் குழுவில் அப்படிக் குத்தத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வந்து 48 மணி நேரத்துக்குள் அவருக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. கையிருப்பு சலைன் தீரப் போகிறது. வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. இந்த வழியில் போனால் தோல்விதான்.

தெரிந்த வித்தை, துணியாத கை

இன்னொரு வழி இருப்பது அவருக்குத் தெரியும். உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் கலந்த நீரை வாய் வழியாகக் குடிக்கக் கொடுப்பது. வெறும் உப்பு நீரைக் கொடுத்தால் காலராக் குடல் அதை ஏற்காது, பேதிதான் கூடும். கூடவே குளுக்கோஸ் இருந்தால் அது குடலின் சுவரில் உள்ள ஒரு வாசலைத் திறந்து, உப்பையும் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போகிறது. உப்பு போனால் நீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு இந்த ஒரு வாசலை மட்டும் அடைப்பதில்லை.

1953-லேயே கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய் வழியாக உப்பும் குளுக்கோசும் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1962-ல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஓர் அமெரிக்க டாக்டர் செய்த சோதனையில் அளவு பிசகிச் சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அந்தப் பயம் வைத்திய உலகத்தை விட்டுப் போகவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் 29 நோயாளிகளிடம் கவனமாகச் சோதித்து, வாய் வழி நீர் கொடுத்தால் சலைன் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று காட்டினார்கள். ஆனால் அது நல்ல ஆஸ்பத்திரியில், பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் நின்று, போவதையும் வருவதையும் அளந்து அளந்து செய்தது.

பன்காவில் அளப்பதற்கு யார் இருக்கிறார்கள்? சேற்றில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாயிடம் டம்ளரைக் கொடுத்து "நீயே கொடு" என்று சொல்ல வேண்டும். உப்பு கூடினால் உயிருக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. ஏதாவது நடந்துவிட்டால் "எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தாய்?" என்று கேட்பார்கள். சலைன் இல்லாமல் நோயாளி இறந்தால் யாரும் டாக்டரைக் கேட்க மாட்டார்கள், அது பற்றாக்குறை. புதுமுறையைக் கையாண்டு இறந்தால் அது டாக்டர் தலையில். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றுதான் மகாலனாபிஸ் பின்னாளில் அடக்கமாகச் சொன்னார். வழி இருந்தது. பாட்டில் வரும் வரை காத்திருந்து, வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம்.

நூலக அறையில் ஒரு தொழிற்சாலை

கல்கத்தா ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையே தொழிற்சாலை ஆயிற்று. மொத்த வியாபாரக் கடைகளிலிருந்து குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் வாங்கி வந்தார்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. இதுதான் அளவு. பொட்டாசியம் உப்பும் சேர்ந்திருந்தால் நல்லதுதான். ஆனால் எங்கும் எளிதாகக் கிடைக்கிற சரக்கை வைத்தே காரியம் நடக்க வேண்டியிருந்தது. எடை போட்டு, பிளாஸ்டிக் பையில் கொட்டி, வாயை இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி ஒட்டி, எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று சீட்டு வைத்து அனுப்பினார்கள். அளவுப் பயம் இதனால் நீங்கியது. தராசு வேலை கல்கத்தாவிலேயே முடிந்துவிட்டது. முகாமில் உள்ளவர் செய்ய வேண்டியது தண்ணீரில் கொட்டிக் கலக்குவது ஒன்றே.

பன்காவில் பெரிய பீப்பாய்களில் கலக்கி, அடியில் குழாய் வைத்தார்கள். நோயாளியோடு வந்த அம்மாவோ, அண்ணனோ, பக்கத்துப் பாயில் இருந்தவரோ டம்ளரில் பிடித்துக்கொண்டு போய், மிடறு மிடறாகக் குடிக்க வைக்க வேண்டும். தாகம் அடங்கும் வரை கொடுக்கலாம். நாடி விழுந்து மயங்கிக் கிடப்பவர்களுக்கு மட்டும் சலைன். அவர்களும் கண் விழித்ததும் டம்ளருக்கு மாற்றப்பட்டார்கள்.

ஜனங்கள் உடனே நம்பிவிடவில்லை. "மற்றவர்களுக்கு ஊசி, நமக்கு உப்புத் தண்ணீரா? ஏழை என்று ஏமாற்றுகிறார்களா?" என்ற சந்தேகம். பாட்டிலும் குழாயும் இருந்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது. இன்றும் நம் தெருக்களில் சாதாரணக் காய்ச்சலுக்கே "ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்கிறவர்கள் உண்டு. மகாலனாபிஸ் இதற்கு ஒரு யுக்தி செய்தார். இந்தக் கரைசலுக்கு "வாய்வழி சலைன்" என்று பெயர் வைத்தார். சலைன் என்ற சொல்லுக்கு ஜனங்களிடம் இருந்த மதிப்பு டம்ளருக்கும் வந்தது.

இரண்டு மூன்று வாரங்களில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. சலைனை மட்டும் நம்பியிருந்தபோது முகாம்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். பன்காவில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சுமார் 3,700 பேருக்கு வைத்தியம் நடந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை; 3.6 தான். ஆஸ்பத்திரி பெரிதாகவில்லை. நர்சுகள் கூடவில்லை. கூடின கைகள் எல்லாம் அகதிகளுடைய கைகள்தான்.

கரைசல் கலக்கும் விதத்தைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு எல்லை நெடுகக் கொடுத்தார்கள். விடுதலைப் போராளிகள் நடத்திய ரகசிய வானொலியிலும் அதைச் சொன்னார்கள். அதாவது, சண்டை நடக்கிற மண்ணுக்குள் எந்த நிவாரணக் குழுவும் நுழைய முடியாத கிராமத்துக்கும் வைத்தியம் காற்றில் போய்ச் சேர்ந்தது. மருந்துப் பெட்டியை எல்லையில் தடுக்கலாம். "இவ்வளவு உப்பு, இவ்வளவு சர்க்கரை" என்ற செய்தியை யார் தடுப்பது?

பன்காவுக்குப் பிறகு

1971 டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் அகதிகள் லாரிகளிலும் ரயில்களிலும் நடந்தும் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். முகாம்கள் கலைந்தன.

பன்காவில் கண்ட உண்மையை வைத்திய உலகம் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. படிக்காத தாயின் கையில் காலரா வைத்தியமா என்று தயங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த டாக்டர் திமான் பருவா பன்காவுக்கே நேரில் வந்து பார்த்தவர். அவர்தான் விடாமல் இதற்காக வாதாடினார். 1973-ல் மகாலனாபிஸின் அறிக்கை அச்சில் வந்தது. 1978-ல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் லண்டன் லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. இந்தக் கரைசலால் உலகெங்கும் பிழைத்தவர்கள் ஐந்து கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்.

அகதிகள் திரும்பிப் போன வங்கதேசத்தில் நடந்தது இன்னும் சுவையானது. போருக்குப் பிறகு 1972-ல் பஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய 'பிராக்' என்ற நிவாரண அமைப்பு, 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. பொட்டலமும் இல்லை, தராசும் இல்லை. மூன்று விரலில் அள்ளிய சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதைத் தாய்மார்களுக்குக் கலக்கிக் காட்டி, அவர்களையே கலக்க வைத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த முறையைக் கேட்டால் நம் குமாஸ்தாக்கள் வியந்து போவார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதற்குச் சம்பளம் இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மார்களைக் கேள்வி கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவில் நிற்கிறதோ அதற்கேற்பத்தான் கூலி. அப்படியும் முதலில் ஜனங்கள் கரைசலை அதிகம் உபயோகிக்கவில்லை. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக் கொடுத்த ஊழியர்களே தங்கள் வீட்டில் அதை உபயோகிப்பதில்லை என்று தெரிந்தது! அவர்களுக்கே நம்பிக்கை வரும்படி மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். வீட்டு ஆண்களையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். அதன் பிறகே வேலை பலித்தது.

டாக்டர் மகாலனாபிஸ் இந்தக் கரைசலுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வெளிநாட்டுப் பரிசுகள் வந்தன. நம் நாட்டில் வெகுகாலம் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 2017-ல் தம் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாயைக் கல்கத்தாவில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். 2022 அக்டோபர் 16-ந் தேதி 87-வது வயதில் கல்கத்தாவில் காலமானார். பத்மவிபூஷண் விருது 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அவர் இல்லை.

நம்மவர் கவனத்துக்கு

மழைக் காலத்தில் ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கி, கிடைத்த இடத்தில் சாப்பிட்டு, கிடைத்த தண்ணீரைக் குடிக்கிற நம்மவர்களுக்கு இந்த விஷயம் பழங்கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான் இந்தக் கரைசல் கிடைத்திருக்கிறது. பன்காவ் இருக்கிற நாட்டில் இந்த நிலை!

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டு வாங்கலாம். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் அளவைத் திருத்தியது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். பொட்டலத்தில் இந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பான வகைகள் இதே பெயரில் அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்டு வந்தன. அவை பேதியைக் கூட்டிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில், இந்தப் பெயரைப் பானங்களின் மேல் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

பொட்டலம் கிடைக்காத இடத்தில் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு போட்டுக் கரைக்கலாம். உப்பு கூடவே கூடாது. வாயில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது ஒரு கணக்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, குடிக்க முடியாமல் துவண்டு போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். போகிற வழியிலும் முடிந்த மட்டும் கொடுத்துக்கொண்டே போகலாம். கலக்கிய நீரை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.